பழைய வண்டி மனசை விட்டுப் போகவில்லை: திரும்ப வாங்குவதா, புதியதோடு பழகுவதா?

சில்வர் கலர் சான்ட்ரோ ஜிங். டி.என். 29 நம்பர். 2010-ல் தருமபுரியில் எடுத்தது. பதினைந்து வருடம் முடியப்போகிறது, ஆர்.சி.யைப் புதுப்பிக்க அலையவேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னதில் பயந்துபோய், 2025 தொடக்கத்தில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். பதிலுக்கு எடுத்தது ஒரு லிட்டர் டர்போ எஞ்சின் போட்ட ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக். சுமார் 120 குதிரைத்திறன். பழையதற்கு இருந்தது 63. தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமிருந்து ஏறும்போது லாரியைத் தாண்ட மூன்றாவது கியரே போதும். அப்படி ஒரு வண்டி. ஆனாலும் இரண்டாவது வாரமே மனசு சான்ட்ரோவைத் தேட ஆரம்பித்துவிட்டது.

எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். அப்புறம் கிருஷ்ணகிரி, பாலக்கோடு, ஊத்தங்கரை என்று தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இதே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் மாருதி 800-ஐக் கொடுத்தவர், இன்னொருவர் வேகன் ஆரைக் கொடுத்தவர். எல்லோரும் எடுத்தது வேகமான வண்டி. "திரும்ப வாங்கிடலாமா?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். உள்ளபடி வழிகள் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## முதலில் எதை வைத்து அளப்பது

தேடுவது எதை? இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். நான் ஒரு சின்ன நோட்டை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டேன். பழைய வண்டி ஞாபகம் வந்த ஒவ்வொரு முறையும், ஓரமாக நிறுத்திய பிறகு ஏன் வந்தது என்று ஒரு வரி எழுதினேன். ஒரு வாரத்தில் 17 வரி சேர்ந்தது. அதில் 9 அம்மா ஏறி இறங்கியது பற்றி. 4 வேகத்தடையும் குலுக்கலும். 2 கடைவீதியில் நிறுத்திவிட்டு, எவனாவது உரசிவிடுவானோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. மீதி 2-க்குக் காரணமே இல்லை, சும்மா ஞாபகம். ஆக 15 வரி நான் தினமும் படும் சிரமம். அதற்குத் தீர்வு தேட முடியும்.

யார் ஏறுகிறார்கள்? சான்ட்ரோவை 'டால் பாய்' (உயரமான பையன்) என்பார்கள். உயரமான கூண்டு, உயரமான இருக்கை. முட்டி வலியுள்ள அம்மா அதில் முதலில் முதுகைக் காட்டி உட்காருவார், அப்புறம் இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்வார். குனியவே வேண்டாம். புது வண்டியில் ஒரு கை கதவில், ஒரு கை கூரையில், உட்காரும்போது "முருகா" என்று ஒரு சத்தம். அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமி தோறும் போய் சாம்பல் பூசணியில் விளக்குப் போடுபவர் அவர். மாதம் ஒரு முறையாவது அந்தச் சத்தத்தை நான் கேட்டாகவேண்டும்.

எந்த ரோடு? நம் ஊர்ப் பக்கம் இது இரண்டு வகை. ஒன்று 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, தொப்பூர் வழியாகச் சேலம் வரை. இன்னொன்று அதிலிருந்து பிரியும் ரோடுகள். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கம், அஞ்செட்டி காட்டு ரோடு, வத்தல்மலை வளைவுகள், ஊருக்கு ஊர் சுண்ணாம்புக்கோடுகூட இல்லாத வேகத்தடைகள். மாதத்தில் எந்த ரோட்டில் எத்தனை நாள் ஓடுகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

பாதுகாப்பு. ஞாபகத்தில் வாழும் வண்டிக்கு இந்தக் கேள்வியை நாம் போடுவதே இல்லை. என் சான்ட்ரோவில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். (அழுத்தி பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கும் அமைப்பு) கிடையாது. இந்தியாவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். ஓட்டுநர் பக்க ஏர்பேக் அதே வருடம் ஜூலையில். லாரிகள் பிரேக் பிடிக்காமல் இறங்கும் தொப்பூரில் குடும்பத்தோடு போகிற நமக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம் பணம். மாதச் செலவு ஒன்று, இருக்கும் வண்டியைவிட்டு வெளியே வருவதற்கு ஆகும் செலவு இன்னொன்று. இரண்டாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

## வழி 1: கொடுத்த வண்டியையே திரும்ப வாங்குவது

மனசு முதலில் போவது இங்கேதான். இது கைகூடுவதற்கு அவகாசம் மிகக் குறைவு. எக்ஸ்சேஞ்சில் கொடுத்த வண்டி பெரும்பாலும் அந்த ஷோரூமில் நிற்பதில்லை. புரோக்கர் கைக்குப் போய், சில வாரத்துக்குள் வேறு மாவட்டம் போய்விடும். கொடுத்த ஒரு மாதத்துக்குள் மனசு மாறினால் விசாரிப்பது சுலபம். அதற்கு மேல் போனால் அரசின் எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை இருக்கிறது என்று தெரியும். உரிமையாளர் பெயர் முழுதாகத் தெரியாது.

அந்த ஆப்பில் பார்க்க வேண்டியதில் அவசரமான ஒன்று இருக்கிறது. ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரிலேயே கிடந்தால், வண்டி ஆசையை ஒதுக்கிவைத்துவிட்டு அதை முதலில் சரி செய்யுங்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து இழப்பீட்டுக்கு அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தனியாருக்கு விற்றால் 29, 30-ஆம் படிவங்கள் கொடுத்துப் பெயர் மாற்றவேண்டும். அனுமதி பெற்ற பழைய கார் டீலரிடம் விட்டால் 29-சி படிவம் கொடுத்து ஒப்படைக்கும் முறை 2023 ஏப்ரலில் வந்தது. அதைச் செய்தால் வண்டிக்கான பொறுப்பு டீலர் தலைக்குப் போய்விடும்.

என் வண்டி எங்கே இருக்கிறது என்று புரோக்கர் மூலம் கண்டுபிடித்தேன். அரூர் பக்கம் ஒரு குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகள். அதற்கு முன் அவர்களிடம் இருந்தது பைக் மட்டும். போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் என் இடது கட்டைவிரல் பதினைந்து வருடம் தேய்த்த இடம் அப்படியே வழவழவென்று இருந்தது. நெஞ்சு அடைத்தது. "ஓட்டிப் பாருங்க அண்ணா" என்று அந்தத் தம்பி சாவியைக் கொடுத்தார். தீர்த்தமலை ரோட்டில் நாலு கிலோமீட்டர் ஓட்டினேன்.

ஓட்டியிராவிட்டால் நான் வேறு முடிவு எடுத்திருப்பேன். ஒரு மாட்டுக்காக பிரேக்கை மிதித்தபோது, என் கால் எதிர்பார்த்த இடத்தில் வண்டி நிற்கவில்லை. பிரேக்கில் கோளாறு ஒன்றுமில்லை. பதினைந்து வருடம் அதே பிரேக்கைத்தான் மிதித்தேன், கால்தான் ஒரு வருடத்தில் மாறிவிட்டது. இருக்கை உயரம் மட்டும் நினைத்தபடியே இருந்தது. தேடிக்கொண்டிருந்தது அதைத்தான் என்று அங்கே உட்கார்ந்தபோது உறுதியாயிற்று.

செலவுக் கணக்குக்கு வருவோம். 15 வருடம் தாண்டி 20 வருடம் ஆகாத காருக்கு ஆர்.சி. புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 5,000 ரூபாய். ஒரு முறை புதுப்பித்தால் ஐந்து வருடம். 25-ஆம் படிவம், காலக்கெடுவுக்கு 60 நாள் முன்பிருந்தே கொடுக்கலாம். அதோடு பசுமை வரி, பிறகு ஆய்வுக்குப் போகுமுன் பட்டறையில் ஆகும் வேலை. நான் பயந்து ஓடிய 'அலைச்சல்' இவ்வளவுதான். இதை அன்றே யாராவது எனக்குப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். உங்கள் வண்டி இன்னும் கையிலிருந்து, எஃப்.சி. பயத்தில் மட்டும் கொடுக்க நினைக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து நில்லுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. இடையில் ஓட்டியவர் பெயரில் விழுந்த அபராதச் சலான்கள். 'மூன்றாவது ஓனர்' என்று புக்கில் ஏறுவதால் அடுத்த முறை விற்கும்போது குறையும் விலை. இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய வண்டியின் ரப்பர் குழாய்களும் சீல்களும் சீக்கிரம் கெட வாய்ப்பு இருப்பதால் அதற்கும் ஒரு தொகை.

எப்போது இது சரி? கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, வண்டி உள்ளூரிலேயே விற்காமல் நிற்கிறது, பெரும்பாலும் ஊருக்குள்தான் ஓட்டம். இந்த மூன்றும் சேர்ந்தால் யோசிக்காமல் போங்கள். அப்பா வாங்கிய வண்டி, அவர் இப்போது இல்லை என்றால், நான் மேலே போட்ட கணக்கு எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. அந்த வண்டிக்கு வேறு வண்டி ஈடாகாது.

## வழி 2: ஸ்போர்ட்டியை விற்று, உயரமான சாதாரண வண்டிக்குப் போவது

தேடுவது அந்த ஒரு வண்டியை என்றில்லாமல் அந்த மாதிரி வண்டியை என்றால் இது நேரான வழி. உயரமான இருக்கை, இலகுவான கிளட்ச், எந்த ஊர்ப் பட்டறையிலும் பார்க்கக்கூடிய எஞ்சின். புதிதாக எடுத்தால் ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் கூடவே வந்துவிடும். பழையது வாங்கினால் 2019-க்குப் பிந்தியதாகப் பாருங்கள்.

வலிப்பது வெளியேறும் செலவு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள புதிய காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18. பத்தரை லட்சத்து வண்டிக்கு வரி மட்டும் 1.89 லட்சம். அந்தப் பணம் உங்கள் கைக்கு அப்படியே திரும்பாது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் போடும் தேய்மானக் கணக்கில் இரண்டாவது வருடத்தில் வண்டி மதிப்பு 20 சதவீதம் இறங்கிவிடும். அது 2.1 லட்சம். இரண்டும் சேர்த்தால் நாலு லட்சத்துக்குப் பக்கம். இதெல்லாம் போதாதென்று 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு முன் வாங்கிய என்னைப் போன்றவர்கள், பழைய பில்லைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசமுடியாது. புதுசே விலை இறங்கிவிட்டதே என்பார் வாங்க வருபவர்.

கடன் இருந்தால் முன்கூட்டி அடைக்க வங்கி பிடிக்கும் கட்டணத்தைக் கேளுங்கள். அடைத்த பிறகு தடையில்லாச் சான்றும் 35-ஆம் படிவமும் வாங்கி ஆர்.சி.யில் வங்கி பெயரை நீக்கவேண்டும். ஒரு நல்ல செய்தி: இன்சூரன்ஸில் சேர்ந்த நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி, 50 சதவீதம் வரை) வண்டியோடு போகாது, உங்களோடுதான் வரும். கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டால் மூன்று வருடம் வரை அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். எக்ஸ்சேஞ்சில் கொடுத்த அன்று இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டில் தினமும் ஏறி இறங்கும் வயதானவர் இருந்து, நெடுஞ்சாலைப் பயணம் மாதம் ஒரு முறைதான் என்றால், நாலு லட்சம் நட்டத்தையும் தாங்கிக்கொண்டு இதைச் செய்வது நியாயம். கொஞ்சம் பொறுத்து மூன்று வருடம் கழித்துச் செய்தால், நட்டத்தை ஓட்டிய வருடங்கள் பங்கு போட்டுக்கொள்ளும்.

## வழி 3: புதியதை வைத்துக்கொண்டு, சிரமத்தைக் குறைப்பது

என் 17 வரி நோட்டு இங்கேதான் உதவியது.

குலுக்கலுக்குக் காரணம் 'மெல்லிசான ஸ்போர்ட்ஸ் டயர்' என்று எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டேன். சான்ட்ரோ டயர் 155/70, அதாவது அகலம் 155 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதில் 70 சதவீதம், 108.5 மில்லிமீட்டர். புதியது 195/55, அதன் சுவர் 107. ஒன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆக டயரின் உயரம் காரணமில்லை. இறுக்கமான ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரு காரணம். இன்னொன்று காற்று. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு பி.எஸ்.ஐ. என்று போட்டிருக்கும். பங்க்கில் பையன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடித்துவிடுகிறான். என் டயரில் ஸ்டிக்கரில் போட்டதைவிட 6 பி.எஸ்.ஐ. கூடுதலாக இருந்தது. காலையில் டயர் சூடாகுமுன் அதைச் சரியான அளவுக்கு இறக்கினேன். பென்னாகரம் ரோட்டில் பாதிக் குலுக்கல் போய்விட்டது. செலவு ஒன்றும் இல்லை.

அம்மா விஷயம் கொஞ்சம் நேரம் எடுத்தது. பின் இருக்கையில் ஏற்றுவதை நிறுத்தி முன் இருக்கையில் உட்காரவைத்தோம். கதவு அகலமாகத் திறக்கிறது. இருக்கையை முழுதும் பின்னால் தள்ளிவிட்டு, பஞ்சு வைத்துத் தைத்த மூன்று அங்குல மெத்தை ஒன்றைப் போட்டேன். சீட் கவர் மாற்றுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டிக்கு அதற்கென்று தைத்த கவர்தான் போடவேண்டும், இல்லாவிட்டால் ஏர்பேக் சரியாக விரியாமல் போகலாம். இப்போது அம்மா பழையபடி முதுகைக் காட்டி உட்கார்ந்து காலைத் திருப்புகிறார். சத்தம் குறைந்திருக்கிறது. முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

உயரமான ஸ்பிரிங் போடலாம் என்று ஓசூரில் ஒரு பட்டறையில் சொன்னார்கள். நான் போடவில்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. இன்சூரன்ஸ் கேட்கும்போதும் வாரண்டி கேட்கும்போதும் அதுவே வம்பாகும்.

மாதச் செலவில் பெரிய இடி எதுவும் இல்லை. ஊருக்குள் சான்ட்ரோ லிட்டருக்கு 14 கொடுத்தது, இது 12 கொடுக்கிறது. மாதம் 800 கிலோமீட்டருக்கு, லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால், கூடுதல் ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கீழே. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எதிர்பாராமல் இதற்குத்தான் குறைவு. 2022 ஜூன் கட்டணப்படி 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், அதைத் தாண்டி 1500 வரை 3,416. சான்ட்ரோ 1086 சி.சி., டர்போ 998. சொந்தச் சேதத்துக்கான பகுதிதான் வண்டி மதிப்பை ஒட்டிக் கூடும். டயரும் சின்தெடிக் ஆயிலும் விலை அதிகம். மலை ஏறி வந்ததும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது டர்போவுக்கு நல்லது.

## வழி 4: இரண்டும் வேண்டும்

புதியது இருக்கட்டும், அதே மாடலில் பழையது ஒன்று வாங்கி ஊருக்குள் ஓட்டலாம் என்பது. வீட்டில் நிழலோடு இரண்டு வண்டிக்கு இடம் இருந்து, இரண்டையும் ஓட்ட ஆள் இருந்தால் மட்டும் சரி. மகனோ மகளோ ஓட்டப் பழகும் வீடுகளுக்கு நன்றாகப் பொருந்தும். ஓடாமல் நிற்கும் வண்டி செலவு வைக்கும். பேட்டரி இறங்கும், பிரேக்கில் துரு ஏறும், எலி வயரைக் கடிக்கும். இன்சூரன்ஸ் தனி, நோ கிளைம் போனஸை ஒரு வண்டிக்குத்தான் காட்டமுடியும். மாஞ்சீசனில் கிருஷ்ணகிரி தோட்டத்திலிருந்து கூடை கூடையாக ஏற்றுபவர்களுக்குப் பழைய டிக்கி வசதிதான், ஒத்துக்கொள்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | பழையதையே வாங்குவது | சாதாரண வண்டிக்கு மாறுவது | புதியதோடு பழகுவது | இரண்டும் |
|---|---|---|---|---|
| கையைவிட்டுப் போவது | வண்டி விலை, 5,000 புதுப்பிப்பு, பசுமை வரி, பட்டறை | முதல் இரண்டு வருடத்தில் பல லட்சம் | மெத்தை, காற்று | வண்டி விலை, தனி இன்சூரன்ஸ் |
| வயதானவர் ஏறி இறங்க | மிக நன்று | மிக நன்று | சமாளிக்கலாம் | மிக நன்று |
| கணவாய், நெடுஞ்சாலை | பலவீனம் | நன்று | மிக நன்று | புதியது பார்த்துக்கொள்ளும் |
| மறைந்திருக்கும் சிக்கல் | பழைய சலான், ரப்பர் குழாய், ஓனர் எண்ணிக்கை | கடன் அடைப்பு, இறங்கிய மறுவிற்பனை விலை | டயர், ஆயில் விலை | இடம், நின்று கெடுவது |

## நான் என்ன சொல்வேன்

முதல் வழியில் 'எப்போது இது சரி' என்று சொன்னதில் சேராதவர்கள், வண்டி மாற்றி ஆறு மாதம் ஆகும்வரை மூன்றாவது வழியைத் தவிர வேறெதையும் தொடவேண்டாம். ஒரு கோடை, ஒரு மழை, ஒரு நீண்ட பயணம் மூன்றும் புதிய வண்டியில் கழியட்டும். நோட்டில் வரிகள் குறைகிறதா என்று பாருங்கள். என் நோட்டில் மூன்றாவது மாதம் வாரத்துக்கு 17 என்பது 5 ஆனது. குறையவே இல்லை, அதுவும் எல்லாம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றியே இருக்கிறது என்றால் இரண்டாவது வழிக்குப் போங்கள். நட்டம் வரும், ஆனாலும் சரியான முடிவுதான்.

முதல் வழிக்குப் போக நினைப்பவர்கள் பணம் பேசுவதற்கு முன் அந்த வண்டியை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். பகலில் ஒரு முறை, முடிந்தால் இரவில் நெடுஞ்சாலையில் ஒரு முறை, வீட்டில் யாருக்காகத் தேடுகிறீர்களோ அவரையும் உட்காரவைத்து.

நான் அரூரில் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகள் இரண்டும் வண்டியைத் துணியால் துடைப்பார்களாம், அந்தத் தம்பியின் மனைவி சொன்னார். ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, ஜாக்கியை எப்படி எடுப்பது என்று அவர்களுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. டிக்கியைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, இரண்டையும் எடுத்துக் காட்டிவிட்டுக் கிளம்பினேன்.